திறந்த மூலக் குழு பிழைகளை எவ்வளவு நன்றாகத் தீர்க்கிறது? அளப்பதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு திறந்த மூலத் திட்டத்தின் பிழைப்பதிவுகளை இறக்கி, மூடிய தேதியிலிருந்து திறந்த தேதியைக் கழித்து, சராசரி எடுத்தால் ஒரு எண் கிடைத்துவிடும். அரை மணி நேர வேலை. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறார்கள். அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று யாராவது கேட்கும்போதுதான் திணறுகிறார்கள். பாட் (தானாக இயங்கும் நிரல்) மூடிய பதிவு அதற்குள் இருக்கும், யாரோ கேட்ட சந்தேகமும் இருக்கும். வருடக்கணக்கில் திறந்தே கிடக்கும் பிழைகள் மட்டும் இருக்காது.

இதில் கணக்கு எளிது, வரிசைதான் முக்கியம். கீழே உள்ள ஒவ்வொரு படியும் அடுத்த படிக்குத் தேவையானதைத் தருகிறது. நடுவில் ஒன்றைத் தாண்டிப் போனால் மூன்று படி கழித்துத் திரும்பி வர வேண்டியிருக்கும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

திட்டத்தின் பிழை டிராக்கரை (பிழைகளைப் பதிந்து பின்தொடரும் இடம்) ஏபிஐ வழியாக, அதாவது நிரல் மூலம், படிக்க ஒரு டோக்கன் (அடையாளச் சாவி) வேண்டும். திட்டங்கள் குறிமுறையை வைத்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் டோக்கன் இல்லாமல் மணிக்கு 60 கோரிக்கைதான் அனுப்பலாம். டோக்கன் இருந்தால் 5,000. ஒரு கோரிக்கைக்கு அதிகபட்சம் 100 பதிவு வரும். ஒவ்வொரு பதிவின் வரலாற்றையும் தனியாகக் கேட்க வேண்டும் என்பதால், 60 எந்த மூலைக்கும் போதாது.

கிட் களஞ்சியத்தின், அதாவது குறிமுறையும் அதன் மாற்ற வரலாறும் இருக்கும் இடத்தின், முழு நகல் வேண்டும். இடத்தை மிச்சப்படுத்த மேலோட்டமான குளோன் (சமீபத்திய வரலாறு மட்டும் உள்ள நகல்) எடுத்தால் பழைய கமிட்களும் (பதிவான குறிமுறை மாற்றங்கள்) டேக்களும் (பதிப்புகளைக் குறிக்கும் பெயர்கள்) வராது. எந்த ரிலீஸில் (வெளியான பதிப்பில்) தீர்வு போய்ச் சேர்ந்தது என்பதைப் பிறகு கண்டுபிடிக்க முடியாது.

கணக்கிட பைத்தானும் அதன் தரவு நூலகமான பான்டாஸும் போதும். சில நூறு பதிவுகளே உள்ள திட்டம் என்றால் விரிதாளிலேயே முடித்துவிடலாம். இவற்றோடு ஒரு வெற்று உரைக்கோப்பைத் திறந்து வையுங்கள். எதைச் சேர்த்தீர்கள், எதை விட்டீர்கள், ஏன் என்பதை முடிவெடுத்த அன்றே அதில் எழுதுங்கள். ஒரு மாதம் கழித்து அறிக்கை எழுதும்போது இந்த முடிவுகள் ஒன்றும் நினைவில் இருக்காது.

## 1. கேள்வியை ஒரே வாக்கியமாக எழுதுங்கள்

'பிழைகளைத் தீர்க்கும் திறன்' என்பதை அப்படியே அளக்க முடியாது. யாருக்காக அளக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அது வேறு வேறு அளவாகிவிடுகிறது. இந்த நூலகத்தை நம்பித் தன் மென்பொருளைக் கட்டலாமா என்று யோசிப்பவருக்கு, தீர்வு எப்போது ரிலீஸில் வருகிறது என்பது முக்கியம். குழுவுக்கோ, வேலை எந்தக் கட்டத்தில் தேங்குகிறது என்பது தெரிய வேண்டும். நிதி தருபவர் பெரும்பாலும் போன வருடத்தைவிட நிலைமை மேம்பட்டதா என்று கேட்பார்.

ஒரு நல்ல கேள்வி இப்படி இருக்கும்: 'வெளியாட்கள் 2024 ஜனவரி முதல் ஜூன் வரை பதிவுசெய்து, குழு உறுதிப்படுத்திய பிழைகளில், 90 நாளுக்குள் ரிலீஸில் தீர்வு வந்தவை எத்தனை சதவீதம்?' 'வெளியாட்கள்', 'உறுதிப்படுத்திய', '90 நாள்', 'ரிலீஸில்' என்ற ஒவ்வொன்றும் ஒரு முடிவு. ஏதாவது ஒன்றை மாற்றினாலும் விடை மாறும். அதனால்தான் தரவைத் தொடும் முன்பே எழுதச் சொல்கிறேன். எண்ணைப் பார்த்த பிறகு கேள்வியை எழுதினால், நமக்குப் பிடித்த எண் வரும் வரை வரையறையை வளைப்போம்.

## 2. பிழைகள் எங்கே வாழ்கின்றன என்று பாருங்கள்

எல்லாத் திட்டமும் கிட்ஹப் இஷ்யூவில் (கிட்ஹப்பின் பிழைப்பதிவுப் பகுதி) வேலை செய்வதில்லை. தரவுத்தள மென்பொருளான போஸ்ட்கிரெஸ்கியூஎல் திட்டத்துக்குத் தனி பிழை டிராக்கரே கிடையாது. பிழைகள் மின்னஞ்சல் பட்டியலுக்கு வருகின்றன. லினக்ஸ் கெர்னலிலும் பெரும்பாலான துணை அமைப்புகள் மின்னஞ்சல் வழியாகத்தான் பிழைகளைப் பெறுகின்றன. அங்கே 'மூடிய தேதி' என்ற ஒன்றைத் தேடினால் கிடைக்காது. கமிட் செய்தியில் உள்ள குறிப்புகளிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

திட்டம் இடம் மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். கம்பைலர் திட்டமான எல்எல்விஎம் 2021 டிசம்பரில் பக்ஸில்லா என்ற டிராக்கரிலிருந்து கிட்ஹப்புக்கு வந்தது. பைத்தான் மொழியின் முதன்மைச் செயலாக்கமான சிபைத்தான் 2022 ஏப்ரலில் தன் பழைய டிராக்கரை விட்டு கிட்ஹப்புக்கு வந்தது. இப்படி மாறிய எந்தத் திட்டத்திலும் சில பழைய பதிவுகளைத் திறந்து, தேதிகள் அசலா, மாற்றிய நாளின் தேதியா என்று சரிபாருங்கள். ஒரே நாளில் ஆயிரக்கணக்கான பதிவுகள் திறந்ததாகவோ மூடியதாகவோ தெரிந்தால் அது இடமாற்றத்தின் தடயம்.

பாதுகாப்புக் குறைகள் பொதுவாகத் தனி வழியில், ரகசியமாக வரும். தீர்வு தயாரான பிறகுதான் பொதுவில் பதிவாகும் என்பதால், டிராக்கரின்படி அவை ஒரே நாளில் தீர்ந்தவை போலத் தெரியும். பொதுப் பிழைகளோடு அவற்றைக் கலக்காமல் தனியாக வையுங்கள்.

## 3. எது பிழை என்று வரையறுங்கள்

பிழைப்பதிவு என்று பெயர் இருப்பதாலேயே அது பிழையாகிவிடாது. ஹெர்சிக், ஜஸ்ட், செல்லர் ஆகிய மூவரும் ஐந்து திறந்த மூலத் திட்டங்களின் 7,000-க்கும் மேற்பட்ட பதிவுகளைக் கையால் படித்து 2013-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பிழை என்று வகைப்படுத்தப்பட்டவற்றில் 33.8 சதவீதம் உண்மையில் பிழையே அல்ல என்று கண்டார்கள். அவை புதிய வசதிக்கான கோரிக்கைகள், ஆவணத் திருத்தங்கள், குறிமுறையைச் சீரமைக்கும் வேலைகள் போன்றவை. மூன்றில் ஒரு பங்கு தவறான பெட்டியில் இருந்தால், அதன்மேல் எடுக்கும் எந்தச் சராசரிக்கும் மதிப்பில்லை.

நான் வைத்துக்கொள்ளும் வரையறை எளிது: ஆவணமோ, முந்தைய பதிப்போ, நியாயமான எதிர்பார்ப்போ சொல்வதற்கு மாறாக மென்பொருள் நடந்துகொண்டால் பிழை. இதுவரை செய்யாத ஒன்றைச் செய்யச் சொன்னால் கோரிக்கை. எல்லைக்கோட்டில் நிற்பவை நிறைய வரும். அவற்றை எந்தப் பக்கம் தள்ளினாலும், எப்போதும் அதே பக்கம் தள்ளுங்கள்.

லேபிள்களை (பதிவில் ஒட்டும் வகைக்குறிகளை) அப்படியே நம்பாதீர்கள், ஒரேயடியாகத் தள்ளவும் வேண்டாம். சில திட்டங்களில் பிழை லேபிளை ஒட்டுவது பதிவு வார்ப்புரு. பதிவு செய்தவர் எந்தப் படிவத்தைத் தேர்ந்தெடுத்தாரோ அந்த லேபிள் தானாக விழும். வேறு சிலவற்றில் பராமரிப்பாளர் (திட்டத்தை நிர்வகிப்பவர்) படித்துப் பார்த்துத்தான் ஒட்டுவார். இரண்டாவது வகை லேபிளுக்குத்தான் எடை அதிகம். யார் ஒட்டினார்கள் என்பது பதிவின் நிகழ்வு வரலாற்றில் இருக்கும்.

## 4. வரலாற்றோடு சேர்த்து இறக்குங்கள்

இங்கே பலர் சறுக்குகிறார்கள். பதிவின் இன்றைய நிலையை மட்டும் இறக்கினால் அது ஒரு புகைப்படம்தான். நடுவில் நடந்தது எதுவும் அதில் இல்லை. உதாரணமாக, கிட்ஹப்பில் ஒரு பதிவை மூடி, மீண்டும் திறந்து, மறுபடி மூடினால், மூடிய நேரம் என்ற புலத்தில் கடைசி மூடல் மட்டும்தான் இருக்கும். நிகழ்வுகளைத் தனியாக இறக்கினால்தான் லேபிள் ஒட்டியது, ஆள் ஒதுக்கியது, மூடியது, திறந்தது எல்லாம் நேரத்தோடு கிடைக்கும். பக்ஸில்லாவிலும் ஜிரா என்ற டிராக்கரிலும் இதே போன்ற மாற்ற வரலாறு உண்டு.

கிட்ஹப்பின் இஷ்யூ பட்டியலைக் கேட்டால் புல் ரிக்வெஸ்ட்களும் (குறிமுறை மாற்றத்தை ஏற்கச் சொல்லும் கோரிக்கைகள்) சேர்ந்தே வரும் என்பதைக் கவனியுங்கள். அவற்றை வடிகட்டாமல் விட்டால், ஒரே நாளில் மெர்ஜ் ஆன (முதன்மைக் குறிமுறையில் சேர்ந்த) புல் ரிக்வெஸ்ட்கள் எல்லாம் 'வேகமாகத் தீர்ந்த பிழை' ஆகிவிடும். தேடல் ஏபிஐ ஒரு தேடலுக்கு 1,000 முடிவுகளுக்கு மேல் தராது. பெரிய திட்டத்தில் சரியாக 1,000 பதிவு வந்து நின்றால், மீதி விடுபட்டுவிட்டது என்று அறிந்துகொள்ளுங்கள்.

பல டிராக்கர்களிலிருந்து எடுக்க வேண்டியிருந்தால், திறந்த மூலத் திட்டங்களின் நலத்தை அளக்கும் கேயாஸ் திட்டத்தின் கிரிமோர்லேப் தொகுப்பில் உள்ள பெர்செவல் கருவி உதவும். கிட்ஹப், பக்ஸில்லா, ஜிரா, மின்னஞ்சல் பட்டியல் எல்லாவற்றையும் அது இறக்கித் தரும். இறக்கிய மூலக் கோப்புகளைத் தேதியிட்டு, தொடாமல் வையுங்கள். கணக்குகளை எப்போதும் நகலில்தான் செய்ய வேண்டும்.

## 5. கணக்கிடும் முன் 100 பதிவுகளைப் படியுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்ட ஆசைப்படுகிறார்கள். தாண்டாதீர்கள்.

மொத்தத்திலிருந்து குலுக்கல் முறையில் 100 பதிவுகளை எடுங்கள். சமீபத்திய 100 வேண்டாம். அவற்றில் பாதி இன்னும் நடந்துகொண்டிருக்கும். ஒவ்வொன்றையும் முதல் வரியிலிருந்து கடைசிக் கருத்து வரை படித்து நான்கு விஷயங்களைக் குறியுங்கள்: இது பிழையா, உண்மையில் தீர்ந்ததா, தீர்வு எந்தக் கமிட்டில் இருக்கிறது, அந்தக் கமிட்டுக்கும் பதிவுக்கும் எழுத்தில் இணைப்பு உண்டா.

முடிந்தால் இன்னொருவரையும் அதே பதிவுகளில் முப்பதைத் தனியாகப் படித்துக் குறிக்கச் சொல்லுங்கள். நீங்கள் இருவரும் வேறுபடும் இடங்கள்தான் உங்கள் வரையறையில் உள்ள ஓட்டைகள். மூன்றாவது படிக்குத் திரும்பி, விதியைத் திருத்தி எழுதுங்கள்.

இந்தத் திட்டத்தில் லேபிள் எத்தனை சதவீதம் சரியாக இருக்கிறது, பதிவு எண்ணைக் கமிட்டில் எழுதும் பழக்கம் உண்டா, மூடுவது யார் என்பதெல்லாம் இந்தப் படி முடியும்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும். நிரல் சொல்லும் எண் நம்பத்தக்கதா என்பதைப் பிறகு இதை வைத்துத்தான் தீர்மானிப்பீர்கள்.

## 6. மூடியவற்றிலிருந்து தீர்ந்தவற்றைப் பிரித்தெடுங்கள்

பதிவு மூடப்படப் பல காரணங்கள் உண்டு. பக்ஸில்லா இதைத் தெளிவாகக் கேட்கிறது: தீர்ந்தது, செல்லாதது, தீர்க்கப்போவதில்லை, ஏற்கெனவே பதிவானது, எங்களிடம் சரியாக ஓடுகிறது என்று தனித்தனித் தீர்மானங்கள் இருக்கின்றன. கிட்ஹப்பில் மூடும் காரணம் என்ற புலமே 2022-இல்தான் வந்தது. அதன் பிறகும், பொத்தானை அப்படியே அழுத்தினால் 'முடிந்தது' என்றுதான் பதிவாகும். எனவே அந்தப் புலத்தை மட்டும் சாட்சியாக எடுக்க முடியாது.

அடுத்து, தானாக மூடும் பாட்கள். கிட்ஹப்பின் ஸ்டேல் ஆக்ஷன் என்ற தானியங்கி இயல்பு அமைப்பில் 60 நாள் அசைவில்லாத பதிவுக்கு ஒரு குறி போட்டு, மேலும் 7 நாள் யாரும் பேசாவிட்டால் மூடிவிடும். உபுண்டு பயன்படுத்தும் லாஞ்ச்பேட் டிராக்கரில் தகவல் போதாது என்று குறித்த பதிவு 60 நாள் அசையாமல் இருந்தால் காலாவதியாகலாம். மூடும் கால வரைபடத்தில் 60, 67 நாள் அருகே திடீர் முகடு தெரிந்தால், அங்கே பிழையை யாரும் தீர்க்கவில்லை, கடிகாரம்தான் மூடியிருக்கிறது.

தீர்ந்தது என்று ஏற்க நான் கேட்கும் சாட்சி ஒன்றுதான்: அந்தப் பதிவோடு இணைந்த, முதன்மைக் கிளையில் (திட்டத்தின் முக்கிய வளர்ச்சி வரிசையில்) சேர்ந்த ஒரு கமிட். கமிட் செய்தியிலோ புல் ரிக்வெஸ்ட் விளக்கத்திலோ 'ஃபிக்ஸஸ்', 'குளோஸஸ்', 'ரிசால்வ்ஸ்' போன்ற சொல்லோடு பதிவு எண் இருந்தால், மெர்ஜ் ஆனதும் கிட்ஹப் பதிவைத் தானே மூடும். இணைப்பும் நிகழ்வு வரலாற்றில் இருக்கும். இப்படி எழுதும் பழக்கம் இல்லாத திட்டத்தில் பல உண்மையான தீர்வுகள் உங்கள் வலையில் விழாது. எத்தனை விழவில்லை என்பதை ஐந்தாம் படியின் 100 பதிவுகள் சொல்லும். அதை அறிக்கையில் எழுதுங்கள்.

நகல் பதிவுகளை எறிந்துவிடாதீர்கள். ஒரே பிழையை ஐந்து பேர் சொல்லியிருந்தால், கடைசியாக வந்த தெளிவான பதிவை வைத்துக்கொண்டு முதலில் வந்ததை நகல் என்று மூடுவது சகஜம். கடிகாரம் தொடங்க வேண்டியது, அவற்றில் எது முதலில் வந்ததோ அதன் தேதியிலிருந்து.

## 7. ஒரே கடிகாரத்தை நம்பாதீர்கள்

ஒரு பதிவை எடுத்துப் பார்ப்போம். இது புரிவதற்காக அமைத்த உதாரணம். மார்ச் 3 அன்று பிழை பதிவாகிறது. மார்ச் 5 அன்று பராமரிப்பாளர் பதில் எழுதுகிறார். மார்ச் 20 அன்று புல் ரிக்வெஸ்ட் வருகிறது. ஏப்ரல் 2 அன்று அது மெர்ஜ் ஆகிப் பதிவு மூடுகிறது. ஏப்ரல் 14 அன்று பதிவு செய்தவர் 'இன்னும் அப்படியேதான் இருக்கிறது' என்று எழுத, மீண்டும் திறக்கிறது. ஏப்ரல் 18 அன்று இரண்டாவது தீர்வு மெர்ஜ் ஆகிறது. மே 30 அன்று ரிலீஸ்.

முதல் பதில் 2 நாள். முதல் மூடல் 30 நாள். உண்மைத் தீர்வு 46 நாள். பயனர் கைக்கு வந்தது 88 நாள். நான்கும் சரியான எண்கள்தான். 'இந்தக் குழு எத்தனை நாளில் தீர்க்கிறது' என்று கேட்டால் எதைச் சொல்வீர்கள்? முதல் படியில் எழுதிய கேள்வி இருந்தால் தடுமாற்றமே வராது.

முதல் பதிலை அளக்கும்போது பாட் எழுதிய வரவேற்பையும், பதிவு செய்தவரே சேர்த்த இரண்டாவது கருத்தையும் நீக்குங்கள். நீக்காவிட்டால் எல்லாக் குழுவும் சில நொடியில் பதில் சொல்வதாகத் தெரியும்.

தீர்வு சேர்ந்த நேரத்துக்கு மெர்ஜ் நேரத்தை எடுங்கள். கிட்டில் ஒவ்வொரு கமிட்டுக்கும் இரண்டு தேதி உண்டு: எழுதிய தேதி, கமிட் ஆன தேதி. ஒருவர் ஜனவரியில் தன் கணினியில் எழுதி மார்ச்சில் சேர்த்தால், எழுதிய தேதி ஜனவரி என்றே இருக்கும். அதை எடுத்தால் சில பிழைகள் பதிவாகும் முன்பே தீர்ந்ததாக, எதிர்மறை நாட்கள் வரும். எதிர்மறை எண்களைக் கண்டதும் அழிக்காதீர்கள். எங்கோ தவறான தேதியை எடுத்திருக்கிறீர்கள் என்பதன் அறிகுறி அவை.

எந்த ரிலீஸில் வந்தது என்று அறிய, கிட் டேக் கட்டளையோடு கன்டெய்ன்ஸ் விருப்பத்தைச் சேர்த்துத் தீர்வுக் கமிட்டின் அடையாள எண்ணைக் கொடுங்கள். அது இருக்கும் டேக்கள் எல்லாம் வரும்; அவற்றில் பழையதை எடுங்கள். ஒரு பொறி உண்டு: பழைய நிலைப்பதிப்புக் கிளைக்குத் தீர்வைச் செர்ரி பிக் செய்திருந்தால் (அந்த ஒரு கமிட்டை மட்டும் நகலெடுத்துச் சேர்த்திருந்தால்) அங்கே அதற்கு வேறு அடையாள எண் கிடைத்திருக்கும். கட்டளை அதைக் காட்டாது. நிலைப்பதிப்புகளைப் பராமரிக்கும் திட்டமானால், அந்தக் கிளைகளின் கமிட் செய்திகளிலும் பதிவு எண்ணைத் தேடுங்கள்.

லாஞ்ச்பேட் இந்த வேறுபாட்டை நிலையிலேயே வைத்திருக்கிறது: தீர்வு சேர்ந்தது, தீர்வு வெளியானது என்று இரண்டு. டெபியன் என்ற லினக்ஸ் வழங்கலில் புதிய பதிப்பு அன்ஸ்டேபிள் (வளர்ச்சி நிலையில் உள்ள) கிளைக்கு ஏறியதும் பிழை மூடப்படும். ஸ்டேபிள் பதிப்பில் இருப்பவரிடம் அதே பிழை அப்போதும் இருக்கலாம்.

இவற்றுக்கெல்லாம் வெளியே ஒரு கடிகாரம் இருக்கிறது: பிழை உள்ளே நுழைந்ததிலிருந்து தீரும் வரை. இணைய இணைப்புகளை மறைகுறியாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தின் ஹார்ட்பிளீட் குறை (பாதுகாப்புக் குறைகளுக்குத் தரும் பொது அடையாள எண்படி சிவிஇ-2014-0160) நல்ல உதாரணம். 2014 ஏப்ரல் 1 அன்று குழுவுக்குத் தகவல் போனது. ஏப்ரல் 7 அன்று 1.0.1ஜி பதிப்பில் தீர்வு வந்தது. ஆறே நாள். ஆனால் அந்தக் குறை 2012 மார்ச்சில் வெளியான 1.0.1 பதிப்பிலிருந்தே பயனர்களிடம் இருந்தது. தீர்க்கும் வேகம் அருமை, கண்டுபிடிக்கும் வேகம் இரண்டு வருடத்துக்கும் மேல். இரண்டும் வேறு திறன்கள்.

இந்த நீண்ட கடிகாரத்தை அளக்க, லினக்ஸ் கெர்னலில் 'ஃபிக்ஸஸ்' குறிப்பு உதவும். பிழையைக் கொண்டுவந்த கமிட்டின் அடையாள எண்ணில் முதல் 12 எழுத்தாவது அதில் இருக்கும். மற்றத் திட்டங்களில், தீர்வு மாற்றிய வரிகளை முன்பு எழுதியது எந்தக் கமிட் என்று கிட் பிளேம் வழியாகப் பின்னோக்கிப் போவார்கள். 2005-இல் ஸ்லிவெர்ஸ்கி, சிம்மர்மான், செல்லர் முன்வைத்த வழி இது. வெற்று வரிகளும் கருத்துரைகளும் இதில் நிறையக் குழப்பும். முதல் அளவீட்டில் இதைத் தவிர்ப்பது நல்லது.

## 8. இன்னும் திறந்திருப்பவற்றை விட்டுவிடாதீர்கள்

முழு வழிகாட்டியிலும் ஒரே ஒரு படியை மட்டும் பின்பற்றுவீர்கள் என்றால் இதைப் பின்பற்றுங்கள்.

ஐந்து பிழைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மூன்று 2, 4, 9 நாளில் தீர்ந்தன. மற்ற இரண்டும் 200 நாளாகவும் 400 நாளாகவும் திறந்தே இருக்கின்றன. தீர்ந்தவற்றின் சராசரி 5 நாள். கேட்க நன்றாக இருக்கிறது. இப்போது குழு சிரமப்பட்டு உட்கார்ந்து அந்தப் பழைய இரண்டையும் இன்றே தீர்த்துவிட்டது. சராசரி 123 நாளுக்கு எகிறுகிறது! நல்ல வேலை செய்த அன்றே அறிக்கை குழுவைக் குற்றம் சொல்கிறது. தன் மாலைப்பொழுதைக் கொடுத்துப் பழைய பிழைகளைத் துப்புரவு செய்யும் தன்னார்வலருக்கு இதைவிட அநியாயம் செய்ய முடியாது.

இதற்கு இரண்டு மாற்றங்கள் செய்யுங்கள். ஒன்று, மூடிய மாதத்தின்படி தொகுக்காமல் பதிவான மாதத்தின்படி தொகுங்கள். இரண்டு, சராசரிக்குப் பதில் 'இத்தனை நாளுக்குள் தீர்ந்தவை எத்தனை சதவீதம்' என்று கேளுங்கள். அப்போது திறந்திருப்பவையும் வகுக்கும் எண்ணில் சேர்ந்துவிடும். ஜூன் 30 வரை பதிவானவற்றுக்கு 90 நாள் கணக்கு என்றால், செப்டம்பர் இறுதிக்குப் பிறகு இறக்கிய தரவு வேண்டும். அதற்கு முன் இறக்கினால் ஜூன் மாதப் பிழைகளுக்கு முழு அவகாசம் கிடைத்திருக்காது.

ஒரே எண் வேண்டும் என்றால் இடைநிலை அளவைக் கொடுங்கள். மேலே உள்ள ஐந்தில் வரிசையாக நடுவில் இருப்பது 9 நாள். திறந்திருக்கும் இரண்டும் எப்போது தீர்ந்தாலும் அது மாறாது.

பதிவுகளுக்கு வெவ்வேறு அவகாசம் கிடைத்திருந்தால் கேப்லன்–மையர் முறைக்குப் போங்கள். 1958-இல் வந்த, மருத்துவ ஆய்வுகளில் அதிகம் பயன்படும் முறை. முடிவு தெரியாதவர்களையும் அவர்கள் கவனிப்பில் இருந்த காலம் வரை கணக்கில் எடுக்கும். பைத்தானில் லைஃப்லைன்ஸ் நூலகம் இதைச் செய்யும். ஒவ்வொரு பதிவுக்கும் இரண்டு நெடுவரிசைதான் தர வேண்டும்: எத்தனை நாள், தீர்ந்ததா இல்லையா. வரும் வளைவு எந்த நாளில் பாதிக்குக் கீழே இறங்குகிறதோ அதுவே இடைநிலை அளவு. வளைவு பாதிக்கு இறங்கவே இல்லையென்றால், பாதிப் பிழைகள்கூடத் தீரவில்லை என்று அப்படியே எழுதுங்கள்.

பதிவு செய்தவரிடம் தகவல் கேட்டுக் காத்திருந்த நாட்களைக் கழிக்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். கழிக்க வேண்டாம் என்பதே என் கருத்து. மொத்தக் காலத்தைக் காட்டி, அதில் காத்திருப்பு எவ்வளவு என்பதைப் பக்கத்தில் தனியாகக் காட்டுங்கள். கழித்துவிட்டால், தகவல் கேட்பதே காலத்தைக் குறைக்கும் வழியாகிவிடும்.

## 9. தீர்வு நிலைத்ததா என்று பாருங்கள்

வேகம் மட்டும் பார்த்தால் அரைகுறைத் தீர்வுகளுக்கே நல்ல மதிப்பெண் போகும். மீண்டும் திறந்த பதிவுகளின் விகிதத்தை எடுங்கள். ஆனால் அது எல்லாவற்றையும் பிடிக்காது. ஜாவா நிரல்கள் நிகழ்வுக் குறிப்பு எழுதப் பயன்படுத்தும் லாக்4ஜே நூலகத்தில் 2021 டிசம்பரில் 2.15.0 பதிப்பில் வந்த தீர்வு முழுமையாக இல்லை. அதே மாதம் 2.16.0, பிறகு 2.17.0 வந்தன. ஒவ்வொன்றுக்கும் தனி சிவிஇ எண். பதிவுகளை மட்டும் எண்ணினால் 'மீண்டும் திறந்தது: 0' என்று வரும்.

ஆகவே இன்னும் இரண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தீர்வுக் கமிட் பிறகு ரிவர்ட் செய்யப்பட்டதா (திரும்பப் பெறப்பட்டதா)? கிட் தானாக எழுதும் ரிவர்ட் செய்தியில் பழைய கமிட்டின் எண் இருக்கும் என்பதால் தேடுவது எளிது. அதே பதிவு எண்ணோடு பிறகு வேறு கமிட் வந்ததா? இவற்றோடு, தீர்வுக் கமிட் சோதனைக் கோப்புகளையும் தொட்டிருக்கிறதா என்பதையும் எண்ணுங்கள். சோதனை சேர்த்தாலே தீர்வு சரி என்று ஆகாது. ஆனால் அதே பிழை அடுத்த பதிப்பில் திரும்பி வந்தால் யார் கண்ணிலாவது படும்.

## 10. பிரித்துப் பாருங்கள்

ஒரு திட்டத்துக்கு ஒரு எண் என்பது பெரும்பாலும் ஏமாற்றும். முதலில் பிரிக்க வேண்டியது, பதிவு செய்தவர் குழுவுக்கு உள்ளேயா வெளியேயா என்பது. பல குழுக்களில் பராமரிப்பாளர் ஒரு பிழையைக் கண்டு, தீர்வையும் எழுதிவிட்டு, பதிவுக்காக ஒரு இஷ்யூ திறந்து சில நிமிடத்தில் மூடுவார். நல்ல பழக்கம்தான், ஆனால் அந்தப் பூஜ்ய நாள் பதிவுகள் வெளியாட்களின் நீண்ட காத்திருப்பை மறைத்துவிடும்.

அடுத்து தீவிரம். டெபியனில் கிரிட்டிகல், கிரேவ், சீரியஸ் என்ற மூன்று மட்டங்களும் புதிய வெளியீட்டைத் தடுக்கக்கூடியவை. அவற்றையும் மைனர் பிழைகளையும் ஒரே கூடையில் போடக் கூடாது. தீவிரத்தையும் முன்னுரிமையையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்: முதலாவது பாதிப்பு எவ்வளவு என்பது, இரண்டாவது குழு எதை முதலில் எடுக்கப்போகிறது என்பது.

பிரித்த பிறகு ஒரு பிரிவில் பத்துப் பதிவுகள்தான் மிஞ்சுகின்றன என்றால் சதவீதம் போடாமல் பத்தையும் பட்டியலிட்டுவிடுங்கள்.

## 11. குழுவிடம் முதலில் காட்டுங்கள், பிறகு எழுதுங்கள்

வெளியிடும் முன் பராமரிப்பாளர்களிடம் வரைபடங்களைக் கொடுத்து, வினோதமான இடங்களைக் காட்டிக் கேளுங்கள். 'அந்த மாதம் முழுக் குழுவும் ரிலீஸ் வேலையில் இருந்தது', 'அந்த லேபிளை அப்போதுதான் ஆரம்பித்தோம்' என்பது போன்ற விளக்கங்கள் தரவில் எங்கும் இருக்காது.

தனி நபர் வாரியாகத் தரவரிசை போடாதீர்கள். கடினமான பிழைகளை எடுப்பவர்தான் அதில் கடைசியில் நிற்பார். அந்தப் பட்டியலைப் பார்த்து அவர் விலகிப்போனால் இழப்பு திட்டத்துக்கு. கமிட்களில் உள்ள பெயர்களையும் மின்னஞ்சல் முகவரிகளையும் வெளியிடும் தரவிலிருந்து நீக்கிவிடுங்கள்.

இரண்டு திட்டங்களை ஒப்பிடச் சொல்லி உங்களைக் கேட்பார்கள். பிழை என்று எதைச் சொல்கிறார்கள், எப்போது மூடுகிறார்கள் என்பது திட்டத்துக்குத் திட்டம் மாறுவதால், இரண்டிலும் 100 பதிவுகளைப் படித்து ஒரே வரையறைக்குக் கொண்டுவராமல் ஒப்பிட மறுத்துவிடுங்கள். அதே திட்டத்தின் போன வருடத்தோடு ஒப்பிடுவது பெரும்பாலும் அதிகப் பயன் தரும்.

அறிக்கையில் முதல் படியின் கேள்வி வாக்கியம், தரவு இறக்கிய தேதி, நீக்கியவை எத்தனை, எதனால், கையால் படித்ததில் வரையறை எத்தனை சதவீதம் பொருந்தியது ஆகியவை எண்களுக்கு முன்னால் வர வேண்டும். நிரலையும் வரையறைக் கோப்பையும் திட்டத்தின் களஞ்சியத்திலேயே வைக்க அனுமதி கேளுங்கள். ஆறு மாதம் கழித்து வேறொருவர் அதே அளவை மறுபடி எடுக்கலாம். அப்போது வரையறையில் ஒரு சொல் மாறினாலும், பழைய காலத்து எண்களையும் புதிய வரையறையில் மீண்டும் கணக்கிட்டு அருகருகே போடச் சொல்லி அந்தக் கோப்பின் முதல் வரியிலேயே எழுதி வையுங்கள்.